உங்கள் கருத்து பரிசீலனையில் உள்ளது

“வாசகர் கருத்துகளுக்கு நிர்வாகம் எவ்வகையிலும் பொறுப்பல்ல.”

ஒரே வழக்குக்காக இந்த வரியைத் தமிழிலிருந்து தெலுங்குக்கு மூன்று தடவை மொழிபெயர்த்திருக்கிறேன். நோட்டீசுக்கு ஒருமுறை, வழக்கு மனுவுக்கு ஒருமுறை, அவர்களுடைய பதில் மனுவோடு மறுபடியும் ஒருமுறை. மூன்று முறையும் வயிறு எரிந்தது. இத்தனை வருடம் கழித்து இதை எழுத உட்காரும்போதும் எரிகிறது.

சித்தூரில் கோர்ட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் எனக்கு ஒரு டைப்பிங் கடை உண்டு. நான் பிறந்தது பிச்சாட்டூர் பக்கத்தில் ஓர் எல்லைக் கிராமம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. நைனா அடுத்தவர் கழனியில் கூலி வேலை செய்து என்னைப் பத்தாவது வரைக்கும் படிக்க வைத்தார். அதன் பிறகு டைப் கற்றுக்கொண்டேன். கம்ப்யூட்டர் வந்தபோது அதையும் கற்றுக்கொண்டேன். எங்கள் ஜில்லாவில் பழைய நிலப் பத்திரங்கள் நிறையத் தமிழில் இருக்கும். கோர்ட்டில் அவற்றைத் தெலுங்கில் கேட்பார்கள். அந்த வேலை என்னிடம் வந்தது. கிழக்கே வாய்க்கால், மேற்கே இன்னார் புஞ்சை, வடக்கே வண்டிப் பாதை என்று பல வருடம் மொழிபெயர்த்தேன். ஒவ்வொரு மொழிபெயர்ப்பின் அடியிலும், ‘இது மூலத்துக்கு உண்மையானது’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அந்தக் கையெழுத்துக்காக நான் வெட்கப்படவேண்டி வரும் என்று அப்போது நினைத்ததில்லை.

எங்கள் பக்கத்து ஆட்கள் வெளியே போகத் தொடங்கிய காலம் அது. என் தம்பி ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலைக்குப் போனான். புத்தலப்பட்டு பக்கம் வீட்டுக்கு ஒரு பெண் குவைத்துக்குப் போனாள். கொஞ்ச காலத்தில் எல்லார் கையிலும் செல்போன் வந்தது, அதில் நெட்டும் வந்தது.

ஒரு நாள் காலையில், எனக்குப் பழக்கமான வக்கீல் ஒருவர் ஒரு அம்மாவை அழைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். வக்கீலுக்குத் தெலுங்குதான் தாய்மொழி. தமிழ் பேசுவார், எழுத்து தெரியாது. அந்த அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் பிரிண்ட் எடுத்த காகிதங்கள்.

“இதெல்லாம் தமிழ்ல இருக்கு. நாளைக்குள்ள தெலுங்குல வேணும்மா” என்றார் வக்கீல்.

பேச்சைக் கேட்டவுடன் எங்கள் ஊர்ப் பக்கம் என்று தெரிந்தது. விசாரித்தேன். அவருடைய பிறந்த ஊர் எங்கள் கிராமத்திலிருந்து இரண்டு ஊர் தள்ளி. புத்தலப்பட்டுக்கு உள்ளே ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவர். பதினோரு வருடம் குவைத்தில் ஒரு வீட்டில் சமையலும் பிள்ளை வளர்ப்பும் செய்தவர். அங்கே சம்பாதித்ததில் ஊரில் முக்கால் ஏக்கர் நிலம் வாங்கி, மாடி வைத்து ஒரு வீடும் கட்டியிருந்தார்.

வீடு குடிபோகிற அன்று திருப்பதியிலிருந்து ஒரு நிருபர் வந்திருக்கிறார். அலிபிரி போகிற ரோட்டில், ஒரு லாட்ஜ் மாடியில், தமிழில் ஓர் இணையச் செய்தித் தளம் நடந்துகொண்டிருந்தது. மலைக்கு வருகிற தமிழ்நாட்டுப் பக்தர்களுக்குத் தரிசன நேரம், கூட்ட நிலவரம், பஸ் விவரம் எல்லாம் அதில் வரும். எல்லையோரத் தமிழர்களுக்காகக் கொஞ்சம் உள்ளூர்ச் செய்தியும் போடுவார்கள். ‘குவைத்தில் உழைத்தார், ஊரில் உயர்ந்தார்’ என்று தலைப்புக் கொடுத்து, புது வீட்டு வாசலில் அவர் நிற்கிற படத்தைப் போட்டிருந்தார்கள். செய்தியில் ஒரு குற்றமும் இல்லை. நல்லபடியாகத்தான் எழுதியிருந்தார்கள்.

அதற்குக் கீழே, ‘நிர்வாகம் பொறுப்பல்ல’ என்கிற அந்த வரியும் பதினான்கு கருத்துகளும்.

முதல் இரண்டும் வாழ்த்து. மூன்றாவதிலிருந்து ஆரம்பித்தது. ‘ஊர்க்காரன்’ என்று ஒருத்தன், ‘உண்மை விளம்பி’ என்று ஒருத்தன், பெயரே போடாமல் சில பேர். குவைத்தில் சமையல் செய்தால் மாடி வீடு வருமா என்று ஒருவன் கேட்டான். அதற்கு இன்னொருவன் பதில் சொன்னான், எங்கள் பக்கத்தில் உடம்பை விற்றுப் பிழைக்கிறவளைச் சொல்லும் ஒரு வசைச் சொல்லில். அந்தச் சொல்லை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அந்தத் தளம் செய்ததையே நானும் செய்தவளாவேன். நேற்றுவரை எங்கள் கொல்லியில், அதாவது நிலத்தில், களை பிடுங்கியவளுக்கு மொட்டைமாடி கேட்கிறதா என்று மூன்றாமவன் எழுதியிருந்தான். எழுதியவன் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் குரல் தெரியும். சின்ன வயதில் நைனாவோடு கழனிக்குப் போனபோது கேட்ட குரல்தான்.

“படிச்சீங்களாக்கா, எல்லாத்தையும்?” என்று கேட்டேன்.

“எழுத்துக் கூட்டிப் படிச்சேன்மா. ஒரு நாளு ஆச்சு” என்றார் அவர். “சங்கத்துல நான் லீடரா கீறேன். எல்லாப் பொம்பளைங்க போன்லயும் இது போய்க்கினு கீது. கொஞ்ச நாளு நீ கையெழுத்துப் போடாதக்கான்னு சொல்லிட்டாளுங்க. பஸ் ஸ்டாப்புல நிக்க முடியல. பைக்குல போறவனுங்க அந்தப் பேரச் சொல்லி கூப்புட்டுக்கினு போறானுங்க.”

பெண்கள் சேமிப்புச் சங்கத்தைத்தான் சொன்னார். குவைத்திலிருந்து வந்த இரண்டாவது வருடமே அவரைத் தலைவியாக வைத்திருந்தார்கள்.

வக்கீல் போகிறபோது மெதுவாக என்னிடம் சொன்னார். “ஏம்மா, ஜட்ஜ் படிக்கிற காகிதம். கொஞ்சம் டீசன்ட்டா எழுதிடு. அப்படியே பச்சையா வேணாம்.”

எனக்கும் அது சரி என்றே பட்டது. சரி என்று பட்டதற்குக் காரணம் கோர்ட்டின் மரியாதை இல்லை. அந்தச் சொற்களுக்கு அடியில் என் கையெழுத்து விழுவதை நான் விரும்பவில்லை. ஆகவே அந்த வசைச் சொல்லை, ‘நடத்தை குறித்து ஐயத்துக்குரியவர்’ என்று தெலுங்கில் எழுதினேன். களை பிடுங்கியவள் என்பதை, ‘முன்பு விவசாயக் கூலியாக இருந்தவர்’ என்று மாற்றினேன். அடியில், மூலத்துக்கு உண்மையானது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தளத்துக்கு அனுப்பிய வக்கீல் நோட்டீஸ் போய்ச் சேர்ந்த பிறகு, நேரில் வந்து பேசுங்கள் என்று தளத்தின் ஆசிரியர் போன் செய்தார். வக்கீலுக்கு அன்று வேறு வழக்கு இருந்தது. கருத்துகளில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவள் நான் என்பதால், அக்காவோடு என்னை அனுப்பினார். சித்தூரிலிருந்து நான் ஏறிய பஸ்ஸில் அவர் புத்தலப்பட்டில் ஏறிக்கொண்டார். திருப்பதி போய்ச் சேரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

ஆசிரியர் ஐம்பது வயதுக்காரர், நெற்றியில் நாமம். டீ வரவழைத்துக் கொடுத்தார். மிகவும் மரியாதையாகப் பேசினார். அந்த மரியாதைதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

“அம்மா, உங்கள நான் எவ்ளோ பெருமையா எழுதியிருக்கேன், பாருங்க. கீழ வர்றது வாசகருங்க எழுதறது. அதுக்கு நாங்க என்ன பண்ண முடியும்? நாங்க தபால்காரர் மாதிரி. கடுதாசில இருக்கறதுக்குத் தபால்காரரப் புடிப்பாங்களா?”

அக்கா டீயைத் தொடவில்லை. “தபால்காரரு கடுதாசிய வூட்டுக்குக் கொண்ணாந்து குடுப்பாரு சார். ஊரு நடுவுல நின்னுக்கினு படிக்க மாட்டாரே” என்றார்.

ஆசிரியர் சிரித்தார். பிறகு சட்டம் சொன்னார். நாளைக்கு நூற்றுக்கணக்கில் கருத்துகள் வருகின்றனவாம், எல்லாம் மெஷினே ஏற்றிவிடுமாம், மனிதர் யாரும் பார்ப்பதில்லையாம். எடுக்கச் சொல்லிக் கோர்ட்டு உத்தரவு கொண்டுவந்தால் அன்றைக்கே எடுத்துவிடுவாராம். தானாக எடுத்தால் அது வாசகர்களின் கருத்துரிமையில் கை வைப்பதாகுமாம்.

“எழுதனவனுங்க யாருன்னாவது சொல்லுங்க” என்றார் அக்கா.

“அது எங்களுக்கே தெரியாதும்மா.”

அவருடைய மேஜையில் கம்ப்யூட்டர் திறந்திருந்தது. அக்காவின் படம், அதற்குப் பக்கத்தில் ஒரு நகைக்கடை விளம்பரம், அதற்கு மேலே ‘அதிகம் பேசப்பட்டவை’ என்று ஒரு பட்டியல். பட்டியலில் இந்தச் செய்திதான் முதலில் இருந்தது. அதைப் பெருமையாக மேலே தூக்கி வைத்திருந்தார்கள். பதினான்கு இப்போது இருபத்திரண்டு ஆகியிருந்தது.

கீழே இறங்கி வந்ததும் அக்கா சொன்னார். “டீ குடுத்து அனுப்பறாரு பாரு. சண்டை போட்டிருந்தாக்கூட மனசு ஆறும்.”

வழக்கு போட்டார்கள். எல்லா வழக்குகளையும் போல வாய்தா வாய்தாவாகப் போனது. கருத்துகளை எடுக்கச் சொல்லும் இடைக்கால உத்தரவுக்கான விசாரணை வந்த அன்று, வேறு வேலையாக நானும் கோர்ட்டில் இருந்தேன். அந்த ஹாலில் ஓரமாகப் போய் நின்றேன். எதிர்த்தரப்பு வக்கீல் சின்ன வயதுக்காரர், கெட்டிக்காரர். எழுந்து நின்று, வழக்குப் போட்டவர்களே கொடுத்த மொழிபெயர்ப்பைக் கையில் எடுத்தார். என் மொழிபெயர்ப்பை.

“நடத்தை குறித்து ஐயத்துக்குரியவர். முன்பு விவசாயக் கூலியாக இருந்தவர். இதில் அவதூறு எங்கே இருக்கிறது? ஒரு பொதுச் செய்தியைப் பற்றி வாசகர்கள் வைத்த நாகரிகமான சந்தேகம். கூலியாக இருந்தவரைக் கூலி என்று சொல்வது உண்மை. உண்மையைச் சொல்வது குற்றமா?”

நீதிபதி தெலுங்குக்காரர். காகிதத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார். அவருக்கு முன்னால் இருந்தது அதுதான். கண்ணாடிக்குள்ளிருந்து அவர் நிதானமாக என் வார்த்தைகளைப் படித்தார். அத்தனை பேர் சேர்ந்து ஒரு பெண்ணை நடுத்தெருவில் நிறுத்தினார்கள். அவர்களுக்கு இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக் கோர்ட்டுக்கு அனுப்பியவள் நான். இடைக்கால உத்தரவு அன்று கிடைக்கவில்லை.

மதியம் கோர்ட் கேன்டீனில் அக்காவும் நானும் உட்கார்ந்திருந்தோம். அவர் இட்லியை வைத்துக்கொண்டு தின்னாமல் இருந்தார். அங்கே தெலுங்கில் பேசியது அவருக்குப் புரிந்திருந்தது.

“நீ இன்னான்னு எழுதனம்மா?” என்று கேட்டார்.

நான் சொன்னேன். மறைக்கவில்லை. வக்கீல் சொன்னதையும் சொன்னேன். எனக்கே கையெழுத்துப் போடக் கூசியதையும் சொன்னேன்.

“உனுக்கு எழுதவே கூசுது. எனுக்குக் கேட்டுக்கினு நடக்கணும்” என்றார். திட்டவில்லை. பிறகு இட்லியைப் பிய்த்துக்கொண்டே, “அவனுங்க எழுதனதுதான் எல்லாம் வருது. நான் எழுதனது வரவே இல்லியே. அத்தப் பத்தி யாரும் கேக்கல” என்றார்.

“நீங்க என்ன எழுதனீங்க?”

“பதிலு. எம் பொண்ணு போன்ல நான் சொல்லச் சொல்ல எழுதனா. மூணு தாட்டி. மூணும் வரல.”

மகள் திருப்பதியில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். உடனே போன் போட்டோம். அவள் புத்திசாலி. மூன்று முறையும் போன் திரையைப் படமாகப் பிடித்து வைத்திருந்தாள். சாயந்திரத்துக்குள் என் கடைக்கு அனுப்பிவிட்டாள். அக்காவின் பதில் எளிமையாக இருந்தது. நான் வேலை செய்த வீட்டில் நாலு குழந்தைகள், கடைசிக் குழந்தை என்னைத்தான் அம்மா என்று கூப்பிடும், என் பாஸ்போர்ட்டும் சம்பளக் காகிதமும் வீட்டில் இருக்கிறது, சந்தேகம் இருக்கிறவர்கள் நேரில் வந்து பார்க்கலாம், எழுதுகிறவர்கள் சொந்தப் பெயரில் எழுதட்டும் என்று இருந்தது. அதன் கீழே ஒரு பச்சைக் கட்டத்தில் தளத்தின் பதில்: ‘நன்றி. உங்கள் கருத்து ஆசிரியர் குழுவின் பரிசீலனையில் உள்ளது.’

மெஷின் ஏற்றுகிறது, மனிதர் யாரும் பார்ப்பதில்லை என்று டீ கொடுத்துச் சொன்ன மனிதரின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. அந்தக் காகிதங்களை அப்படியே எடுத்துக்கொண்டு வக்கீல் ஆபீசுக்குப் போனேன்.

அவர் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். “இதை ஏன் முன்னாடியே குடுக்கல?”

“நீங்களும் கேக்கல சார், நானும் கேக்கல” என்றேன். “இன்னொண்ணு. என் மொழிபெயர்ப்பு தப்பு. திருத்தி வேற குடுக்கறேன்.”

“யோசிச்சியாம்மா? உன்னைக் கூண்டுல ஏத்துவாங்க. எது பொய்யின்னு கேப்பாங்க. அப்புறம் பத்திர வேலைக்கு எவன் வருவான்?”

“ஏத்தட்டும் சார்.”

ஏற்றினார்கள். என்னைக் குறுக்கு விசாரணை செய்தது அந்தச் சின்ன வயது வக்கீல்தான்.

“முதலில் கொடுத்த மொழிபெயர்ப்பில் உண்மையானது என்று கையெழுத்துப் போட்டது நீங்கள்தானே?”

“ஆமாம்.”

“இரண்டாவதிலும் அதே கையெழுத்து. எது பொய்?”

“முதலாவது. வெட்கப்பட்டுக்கொண்டு மாற்றி எழுதினேன். தப்பு என்னுடையது.”

“யார் சொல்லி மாற்றினீர்கள்?”

எங்கள் வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். “டீசன்ட்டா எழுதச் சொன்னாங்க. எழுதினது நான்” என்றேன்.

அந்தச் சொல் எங்கள் பக்கத்தில் கேலியாகப் பேசிக்கொள்ளும் சொல்தான், அவ்வளவு கடுமையானது இல்லை என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதாடினார். நீதிபதி அவரை நிறுத்தினார். அந்தச் சொல்லைத் தமிழில் சொல்லி, தெலுங்கில் அதற்கு நேரான சொல் எதுவோ அதையும் சொல்லும்படி என்னிடம் கேட்டார். ஹாலில் முப்பது பேராவது இருந்திருப்பார்கள். பின்வரிசையில் அக்கா. தமிழில் சொன்னேன். தெலுங்கிலும் சொன்னேன். தெலுங்கில் சொன்னவுடன், அதுவரை தட்டிக்கொண்டிருந்த டைப்பிஸ்ட் பெண் கையை நிறுத்திவிட்டாள். நீதிபதி, “எழுதிக்கொள்ளுங்கள்” என்றார். திரும்பிப் பார்த்தேன். அக்கா தலை குனியாமல் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வாய்தாவில் ஆசிரியர் கூண்டில் ஏறினார். கருத்துகளை யாரும் பார்ப்பதில்லை என்று அங்கேயும் சொன்னார். எங்கள் வக்கீல் பச்சைக் கட்டத்தைக் காட்டினார். அது சும்மா தானாக வருகிற வாசகம் என்றார் ஆசிரியர்.

“அப்படியானால் இந்த அம்மாவின் பதில் மூன்று முறையும் ஏன் ஏறவில்லை?”

“அது… அதில் வாசகர்களைக் குற்றம் சொல்லி எழுதியிருந்தார். தளத்தின் பெயருக்கும் சரியாக இருக்காது என்று…”

அவரே நிறுத்திக்கொண்டார். படிக்காமல் அது எப்படித் தெரிந்தது என்று எங்கள் வக்கீல் கேட்டார்.

எனக்கு அப்போது வந்த கோபத்துக்கு அளவில்லை. தெரியாமல் நடந்திருந்தால்கூடப் போகட்டும் என்று விடலாம். இவர் உட்கார்ந்து படித்திருக்கிறார். ஒரு பெண்ணைப் பற்றிய ஆபாசத்தை உள்ளே விட்டிருக்கிறார், அந்தப் பெண் தன்னைப் பற்றிச் சொன்ன நாலு வரியை வாசலிலேயே நிறுத்தியிருக்கிறார். பிறகு வாசகர் உரிமை என்று பேசியிருக்கிறார். அந்த அம்மாவும் வாசகர்தானே? அவருக்கு அந்த உரிமை இல்லையா?

தீர்ப்பு வந்தது. வெறுமனே இடம் கொடுத்தவருக்குச் சட்டம் தருகிற பாதுகாப்பு, எதை ஏற்றுவது எதை நிறுத்துவது என்று தேர்ந்தெடுத்தவருக்குக் கிடையாது என்று நீதிபதி எழுதினார். கருத்துகளை எடுக்க வேண்டும், மன்னிப்பு வெளியிட வேண்டும், நஷ்ட ஈடு தர வேண்டும். தளத்துக்காரர்கள் மேல்கோர்ட்டுக்குப் போனார்கள். அது இரண்டு வருடம் நடந்தது. நஷ்ட ஈட்டைக் குறைத்து மற்றதை அப்படியே வைத்தார்கள். மன்னிப்பு ஒரே ஒரு நாள், பக்கத்தின் கடைசியில், தரிசன நேரத்துக்கும் கீழே வந்தது. ‘யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறோம்’ என்று போட்டார்கள். யாருடைய மனம் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். மேல்கோர்ட்டு வரைக்கும் போய் அந்த மனதோடு சண்டை போட்டவர்கள்தான் அவர்கள்.

எழுதியவர்கள் கடைசிவரை அகப்படவில்லை. பழைய விவரங்கள் அழிந்துவிட்டன என்று சொல்லிவிட்டார்கள். மேல்கோர்ட்டுத் தீர்ப்பைப் போனில் அக்காவிடம் நான்தான் சொன்னேன். தக்காளிக் கொல்லியில் இருந்தார்.

“அப்போ எழுதனவனுங்க அதே பஸ் ஸ்டாப்புலதான் நின்னுக்கினு கீறானுங்க” என்றார்.

“ஆமாங்க்கா.”

“சரி. நானும் அங்கதான் பஸ் ஏறணும்.”

சங்கத்தில் அதற்குள் வேறு ஒருத்தியைத் தலைவியாக்கிவிட்டார்கள். இவரைத் திரும்ப வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. ஆனாலும் மாதக் கூட்டத்துக்குப் போகிறார், உறுப்பினராக உட்கார்ந்திருக்கிறார். அன்று கையெழுத்துப் போடாதே என்று சொன்னவள் இன்று பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறாளாம். அதைப் பற்றி அக்கா ஒன்றும் சொல்வதில்லை.

வக்கீல் பயந்தபடியே எனக்குச் சில பேர் பத்திர வேலை கொடுப்பதை நிறுத்தினார்கள். இரண்டு மொழிபெயர்ப்பு கொடுத்தவள் என்று சந்தில் சொல்லிக்கொண்டார்கள். சொன்னது உண்மைதான், அதனால் நான் மறுக்கவில்லை. இப்போது வேறு விதமான காகிதங்கள் வருகின்றன. பெரும்பாலும் பெண்கள் கொண்டுவருகிறார்கள், செல்போனில் வந்ததைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு. போன வாரம் ஒரு பள்ளிக்கூட டீச்சர் வந்தாள். “கொஞ்சம் மரியாதையா மாத்தி எழுதிடுங்க மேடம்” என்றாள். உட்காரச் சொன்னேன். அவன் எழுதியது எழுதியபடியேதான் இருக்கும் என்று சொல்லிவிட்டு, முதல் வரியை அடிக்க ஆரம்பித்தேன்.